தபசு ராத்திரியும் எட்டு மணி மாத்திரையும்

ஆடித் தபசு என்றால் சங்கரன்கோவில்காரர்களுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள். ராஜபாளையம் பஸ்ஸிலும் திருநெல்வேலி பஸ்ஸிலும் கால் வைக்க இடம் இருக்காது. தவம் இருக்கும் கோமதி அம்மனுக்கு சாயங்காலம் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்து, மறுபடி ராத்திரி சங்கரலிங்கராகக் காட்சி கொடுக்கிற வரைக்கும் ரதவீதி முழுக்க மனிதத் தலைகள்தான். கொட்டுமேளம், வேட்டு, சீரியல் லைட், பலூன், பஞ்சு மிட்டாய்!

இந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம், வாருங்கள். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது 'அடடே, இது நம்ம வீட்டுக் கதையாச்சே' என்று தோன்றினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பையனுக்கு எட்டு வயது. பிறந்தவுடன் அழவில்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய பிள்ளை. ஒன்றரை வயதிலிருந்து வலிப்பு. இரண்டு மருந்து சாப்பிடுகிறான். அப்படியும் மாசத்துக்கு மூன்று நான்கு தடவை வந்துவிடுகிறது. தபசு அன்று விடியற்காலை நாலு மணிக்கே அவனை எழுப்பி, தலை நிறைய எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்கிற வெந்நீரைத் தலையோடு ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். மூக்கு லேசாக ஒழுகியது. "புள்ளைக்கு நீர் கோத்திருக்கு. நெஞ்சுல தைலத்தத் தேச்சு விடு தாயி" என்றார் ஆச்சி. தேய்த்தாச்சு. மத்தியானம் பாதிச் சாப்பாடு. சாயங்காலம் அப்பா தோளில் உட்கார்ந்து சுவாமி பார்த்தான். ராத்திரி எட்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது! வீடு திரும்பும்போது மணி ஒன்று.

காலையில் ஐந்தரைக்கு அவனுக்கு வந்துவிட்டது. வழக்கத்தைவிட நீளமாக.

"கண்ணுல்லா பட்டுட்டு! தோள்ல தூக்கி வச்சு ஊருக்கே காட்டினா படாம என்ன செய்யும்?" என்றார் ஆச்சி. "கூட்டம் ஒத்துக்கல" என்றார் அப்பா. "அந்த லைட்டு மினுக் மினுக்குன்னு அடிச்சதுதான், அத்தை" என்றாள் அம்மா. கடைசியில் "நீதானே கூட்டிட்டுப் போகணும்னு சொன்னே" என்று பழி அம்மாவின் தலையிலேயே வந்து விடிந்தது. (எல்லா வீட்டிலும் அது அங்கேதான் வந்து விடியும். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.)

சரி, உண்மையில் யார் குற்றவாளி? வெந்நீரா, தைலமா, லைட்டா, வேட்டா, தூக்கமா, மாத்திரையா? ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

நெருப்பு வேறு, ஊதுகுழல் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். மூளையின் நரம்பு செல்கள் மின்சாரத்தில்தான் பேசிக்கொள்கின்றன. ஏதோ ஒரு இடத்தில் அல்லது மூளை முழுவதும் அந்த மின்சாரம் கட்டுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. அப்படித் திரும்பத் திரும்ப பாயும்படி மூளை ஆகிவிட்டதற்குத் தனிக் காரணம் இருக்கும். பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் ஏற்பட்ட தழும்பு, மரபணுக் கோளாறு, மூளைக் காய்ச்சல், கருவில் மூளை உருவானபோதே ஏற்பட்ட குறை, இப்படி ஏதாவது ஒன்று. அது நோய்.

நாம் இங்கே பேசப்போவது அதை அல்ல. இருக்கிற நோயை ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் கிளப்பிவிடுகிற தூண்டுதல்களைப் பற்றி. அடுப்பில் பால் கொதிநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஊதுகுழலை எடுத்து ஒரு ஊது ஊதினால் பொங்கிவிடும். ஊதியவர் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஆனால் பொங்கியது அந்த ஊதலில்தான். பெரும்பாலும் ஒரு ஊதல் போதாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஊதியிருப்பார்கள். அதனால்தான் போன வாரம் வெந்நீரில் குளித்தபோது வராதது இந்த வாரம் வந்தது என்று நீங்கள் குழம்புகிறீர்கள்.

அலமாரியில் இருந்த மாத்திரை

விட்டுப்போன வேளை மருந்துதான் முதல் குற்றவாளி. சந்தேகமே வேண்டாம். 'ஒரு வேளைதானே' என்பீர்கள். வலிப்பு மருந்து தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. அது ரத்தத்தில் ஒரு அளவில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அந்த அளவு இறங்கும். இறங்குகிற நேரமும் தூக்கம் கெட்ட நேரமும் ஒன்றாகச் சேர்ந்தால்? அந்தப் பையனுக்கு விடிகாலையில் நடந்ததுதான் நடக்கும்.

வேண்டுமென்றே யாரும் மருந்தை விடுவதில்லை. அது நழுவுகிற வழிகள் வேறு. கல்யாண வீட்டுக்குப் போகும்போது பெட்டியில் வைக்க மறந்தது. சிரப்பைக் குலுக்காமல் ஊற்றியதால் மேலாக இருக்கிற தண்ணீர் போன்ற மருந்து முதல் வாரத்திலும், அடியில் தங்கிய கெட்டி மருந்து கடைசி வாரத்திலும் போனது. அளவு மூடி தொலைந்துபோய் வீட்டு ஸ்பூனில் கொடுத்தது. மருந்து கொடுத்த பத்தாவது நிமிஷம் பிள்ளை வாந்தி எடுத்தது. இந்த வாந்தி விஷயத்தில் மறுபடி கொடுக்கலாமா கூடாதா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அவரைத் தேட முடியாது.

இன்னொரு வழி, யாரும் கவனிக்காதது: பிள்ளை வளர்ந்துவிட்டது! மூன்று வயதில், 12 கிலோ எடையில் எழுதிக் கொடுத்த அளவை ஆறு வயதில், 19 கிலோவிலும் அப்படியே கொடுத்துக்கொண்டிருப்போம். அதே சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டே இருப்போம். மருந்து தவறவே இல்லை, ஆனால் போதவும் இல்லை. வலிப்பு மருந்து அளவு குழந்தையின் எடையை வைத்துத்தான் கணக்கு. கடைக்காரர் 'அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்லீங்க, இதுவும் அதேதான்' என்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும், வலிப்பு அடங்காத பிள்ளைகள் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, 'கோயிலில் 48 நாள் தங்கப் போகிறோம், மருந்து வேண்டாம்' என்று திடீரென்று நிறுத்துவது. நிறுத்தாத வலிப்பாக, ஒன்று முடியும் முன்னே அடுத்தது என்று தொடர்ந்து உயிருக்கே உலை வைக்கும். கோமதி அம்மன் சந்நிதியில் வேண்டிக்கொள்வதும், ஸ்ரீசக்கரத்தில் உட்காருவதும், புற்றுமண் பூசிக்கொள்வதும் உங்கள் நம்பிக்கை. யாரும் குறுக்கே வரவில்லை. மாத்திரையும் சேர்ந்து போகட்டும்.

தூக்கமும் காய்ச்சலும்

அடுத்த குற்றவாளி தூக்கமின்மை. மூளை மின்அலைப் படம் எடுக்கும்போது, ஒளிந்திருக்கும் கோளாறு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக 'பிள்ளையை ராத்திரி தூங்க விடாமல் கூட்டி வாருங்கள்' என்று ஆஸ்பத்திரியில் சொல்வது உண்டு. தூக்கம் கெட்டால் மூளை எவ்வளவு எளிதில் கிளம்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சென்னைக்கு ராத்திரி ரயில், தேர்வுக்கு விடிய விடியப் படிப்பு, கொடை விழா, செல்போன்... எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

காய்ச்சல் வந்தால் அதிகம் வரும் என்பது பெற்றவர்களுக்கே தெரியும். பாராசிட்டமால் கொடுத்தால் உடம்பு வலி குறையும், பிள்ளை கொஞ்சம் சிரிக்கும். ஆனால் அதுவே வலிப்பைத் தடுத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். காய்ச்சல் நாட்களில் மட்டும் கூடுதலாகக் கொடுக்க குளோபசாம் போன்ற மருந்தைச் சில டாக்டர்கள் எழுதித் தருவார்கள். உங்கள் பிள்ளைக்கு அது தேவையா என்று கேளுங்கள். சளி, பேதி என்று வேறு டாக்டரிடம் போகும்போது 'இவனுக்கு வலிப்பு இருக்கு, இந்த மருந்து சாப்பிடறான்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தூக்கம் வரவழைக்கும் சில சளி சிரப்புகளும், சிப்ரோஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளும் வலிப்பைக் கிளப்பக்கூடியவை.

ஒரு வயதுக்குள்ளேயே காய்ச்சலோடு வலிப்பு வந்து, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று நீண்டு, சூடான குளியலிலும் வந்தால், அதை வெறும் ஜன்னி என்று விட்டுவிடக்கூடாது. ஃபிரான்ஸ் நாட்டு டாக்டர் ஷார்லட் த்ராவே 1978இல் விவரித்த ஒரு மரபணு நோய் இருக்கிறது. அவர் பெயரிலேயே த்ராவே நோய் என்கிறார்கள். இந்த நோயில் கார்பமசபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் போன்ற நல்ல மருந்துகளே வலிப்பை அதிகமாக்கிவிடும்! மருந்தே தூண்டுதல் ஆவது எவ்வளவு பெரிய கொடுமை பாருங்கள்.

வெந்நீர் செய்யும் வேலை

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருவோம். தலையில் வெந்நீர் ஊற்றினால் வலிப்பு வருமா? வரும். வெந்நீர் வலிப்பு என்றே அதற்குப் பெயர். உலகத்தில் வேறு இடங்களில் எப்போதாவது ஒன்றிரண்டு பேருக்குக் கண்டது, தென்னிந்தியாவில், முக்கியமாக மைசூர், பெங்களூர் வட்டாரத்தில், ஏராளமான பேருக்கு இருந்தது. பெங்களூரின் நரம்பியல் டாக்டர் கே.எஸ். மணி 1960களின் கடைசியிலேயே இதைப் பற்றி எழுதினார். பின்னர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சதீஷ்சந்திராவும் மற்றவர்களும் 279 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

நாம் குளிக்கிற முறையை யோசித்துப் பாருங்கள். 40, 50 டிகிரி சூட்டில் தண்ணீர். அதைச் செம்பு செம்பாக, மூச்சு விடக்கூட நேரம் கொடுக்காமல், உச்சந்தலையில் மடமடவென்று ஊற்றுகிறோம். தண்ணீரின் சூடு, தலையில் விழும் வேகம், தலைச்சூடு சட்டென்று ஏறுவது எல்லாம் சேர்ந்து மூளையைக் கிளப்புகிறது. பிள்ளை ஒரு மாதிரி விழிப்பான், கூப்பிட்டால் பதில் இருக்காது. சில பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் ஒரு சுகமான உணர்வு வருவதால் 'இன்னும் ஊத்து' என்று அவர்களே கேட்பதும் உண்டு. அடம் பிடிக்கிறான் என்று அம்மா இன்னும் இரண்டு செம்பு ஊற்றுவாள்!

இதற்கு மருத்துவம் பாதி குளியலறையிலேயே இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முதலில் கால், பிறகு உடம்பு, தலைக்குத் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஈரத்துணியால் தலையைத் துடைத்தால்கூடப் போதும். அதற்கும் அடங்காதவர்களுக்குத் தலைக்குக் குளிப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு மாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். கொஞ்ச காலம் கழித்துச் சிலருக்கு வெந்நீர் இல்லாமலும் வலிப்பு வர ஆரம்பிக்கிறது என்பதால், 'குளிக்கும்போதுதானே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: வலிப்பு அடங்காத பிள்ளை குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது. தொட்டி, கிணறு, குளம், கோயில் நாகசுனைப் படிக்கட்டு, எங்கேயும் தனியே விடக்கூடாது. முகம் மூழ்குகிற அளவு தண்ணீர் இருந்தாலே ஆபத்து.

இந்த மாதிரி விசித்திரத் தூண்டுதல்கள் இன்னும் உண்டு. இலங்கையில் கண்டிப் பகுதியில் டாக்டர் நிமல் சேனநாயக்க, சோறு சாப்பிட உட்காரும்போதே வரும் வலிப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எனவே உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் கவனித்த ஏதாவது ஒன்று உங்களுக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

பூஜை அறையும் தைலக் குப்பியும்

கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் பொருள். இது புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, மருத்துவ உலகத்துக்கு ரொம்ப நாளாகத் தெரிந்ததுதான். பூஜை அறையில் கட்டிக் கற்பூரத்தைக் கல்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு, ஐந்து நிமிஷத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வந்துவிடலாம், அதற்கு முன் வலிப்பே இல்லாத பிள்ளையாக இருந்தாலும்! வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டிலிருந்தே, தேய்க்கிற மருந்துகளில்கூடக் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

விழுங்கினால்தான் என்றில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். நீலகிரித் தைலமும் இதே ரகம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி நரம்பியல் டாக்டர்கள், தைலம் தேய்த்தும் ஆவி பிடித்தும் வலிப்பு வந்தவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். பெரியவர்களிடம் தென்னிந்தியாவின் சில ஆஸ்பத்திரிகளில் சேர்ந்து நடத்திய ஆய்வில், தைலத்தை நிறுத்தியதும் வலிப்பு குறைந்தவர்கள் இருந்தார்கள்.

சளிக்கு ஆவி பிடிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு, கர்ச்சீப்பில் இரண்டு சொட்டு, கழுத்தில் கற்பூரம் முடிந்த துணி, மூக்கின் கீழ் தைலம்... இதெல்லாம் பாசத்தில் செய்வது. ஆச்சியைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆனால் வலிப்பு அடங்காத பிள்ளை இருக்கிற வீட்டில் கற்பூர டப்பாவும் தைலக் குப்பியும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். 'அத்தை, டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்' என்று டாக்டர் மேலேயே பழியைப் போட்டுவிடுங்கள். வீட்டில் சண்டை வராது. கோயிலில் கற்பூர ஆரத்தியைத் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வருவதற்குப் பயப்படத் தேவையில்லை. புகை மண்டிய இடத்தில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம், அவ்வளவுதான்.

லைட்டு பாவம்!

'மினுக் மினுக்' லைட்டைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் 1997 டிசம்பர் 16ஆம் தேதி போக்கிமான் கார்ட்டூன் தொடரில், சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு தடவை மாறி மாறி மின்னிய ஒரு காட்சி வந்தது. அன்று ராத்திரி 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். நிறையப் பேருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. உலகமே டி.வி.யைப் பார்த்துப் பயந்தது.

ஆனால் ஒளியால் கிளம்பும் வலிப்பு, வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். மின்அலைப் படம் எடுக்கும்போதே முகத்துக்கு எதிரே லைட்டை மின்னவைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு அது இல்லை என்று தெரிந்த பிறகும் டி.வி.யையும் செல்போனையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையான குற்றவாளி தப்பித்துவிடுவான். செல்போன் கெடுப்பது பெரும்பாலும் தூக்கத்தை.

சத்தம் அப்படி இல்லை. பிறக்கும்போதே மூளை பாதித்த பிள்ளைகளில் சிலருக்கு, எதிர்பாராத திடுக் சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிப் போட்டு விறைத்துக்கொள்ளும். வேட்டுப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர்களைக் கொண்டுபோகாதீர்கள்.

'எதுக்கு வம்பு, பிள்ளை சும்மா படுத்தே கிடக்கட்டும்' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளுக்குப் பல தடவை தொப்பென்று விழுகிற கடுமையான வகைகளில், பிள்ளை சுறுசுறுப்பாக ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது வலிப்பு குறைந்தும், அரைத்தூக்கத்தில் சொருகிக் கிடக்கும்போது அதிகரித்தும் காண்கிறது. மருந்துகள் அதிகமாகிப் பகலெல்லாம் தூங்கி வழிந்தால் அதுவே தூண்டுதல் ஆகலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். விளையாட்டு, படிப்பு, கோயில், கல்யாணம் எல்லாவற்றையும் பறித்துவிட்டுப் பிள்ளையைப் பாதுகாப்பது பாதுகாப்பே இல்லை.

அடங்கவில்லை என்று யார் சொன்னது?

தூண்டுதலைத் தேடித் தேடியே வருஷங்களைத் தொலைப்பவர்கள் உண்டு. கத்திரிக்காயை நிறுத்துவார்கள், பால் நிறுத்துவார்கள், வீட்டை மாற்றுவார்கள். இங்கேதான் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

கிளாஸ்கோ நகர டாக்டர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புதிதாக மருந்து ஆரம்பித்த 470 பேரில் 222 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 67 பேர். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் வெறும் 12. அதாவது சரியான இரண்டு மருந்து தோற்ற பிறகு, மூன்றாவது நாலாவது என்று மாற்றிக்கொண்டே போவதில் வெற்றி வாய்ப்பு மிகவும் குறைவு. அதனால்தான் 2010ஆம் ஆண்டில் சர்வதேச வலிப்பு நோய் மருத்துவர் அமைப்பு, பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பை 'மருந்துக்கு அடங்காத வலிப்பு' என்று வரையறுத்தது.

'பொருத்தமான', 'சரியான அளவில்' இந்த இரண்டு வார்த்தையையும் விட்டுவிடாதீர்கள். அடங்காதது என்று பெயர் வாங்கிய வலிப்புகளில் சில, மருந்து சரியாக உள்ளே போகாததால் அடங்காதவை. சில, அந்த வகைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தால் அடங்காதவை. இன்னும் சில வலிப்பே இல்லை, மூச்சைப் பிடித்துக்கொள்வதோ மயக்கமோதான். செல்போனில் ஒரு நிமிஷ வீடியோ எடுத்துக் காட்டினால் டாக்டருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இவை எதுவுமில்லை, நிஜமாகவே அடங்கவில்லை என்றால்? ஆபரேஷனுக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் மையத்துக்குப் போங்கள். 'மூளையில் கத்தியா!' என்று பதறாதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952லேயே வலிப்புக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் 1995 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டை, புனலூர் வழியாகப் போகிற தூரம்தான். சென்னையைவிடப் பக்கம். முதல் படியாகத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம்.

டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 18 வயது வரையிலான 116 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்த 57 பேரில் 44 பேருக்கு ஒரு வருஷம் வலிப்பு இல்லை. மருந்து மட்டும் சாப்பிட்ட 59 பேரில் அப்படி இருந்தவர்கள் நாலே பேர்! மறைக்காமல் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்தவர்களில் 19 பேருக்கு ஒரு பக்கக் கை கால் பலவீனம் போன்ற கடுமையான பின்விளைவுகள் இருந்தன. எந்த இடத்தில் ஆபரேஷன் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. எல்லாப் பிள்ளைக்கும் ஆபரேஷன் பொருந்தவும் பொருந்தாது. ஆனால் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்காமலேயே பத்து வருஷம் ஓட்டிவிடக்கூடாது.

ஆபரேஷன் பொருந்தாதவர்களுக்குக் கொழுப்பு அதிகமாகவும் அரிசி, சர்க்கரை மிகக் குறைவாகவும் உள்ள கீட்டோ உணவு முறை இருக்கிறது. 1921லிருந்து புழக்கத்தில் உள்ளது. இஷ்டத்துக்கு நாமே ஆரம்பிக்கிற டயட் இல்லை இது. டாக்டரும் உணவு நிபுணரும் கூடவே இருக்க வேண்டும். இந்த உணவில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு கை சர்க்கரைப் பொங்கல் பிரசாதமே, ஏன், இனிப்பான இருமல் சிரப்பே தூண்டுதலாகிவிடலாம். சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

உங்கள் பிள்ளைக்கு எது தூண்டுதல் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. நோட்டுதான் சொல்லும். வலிப்பு வந்த தேதி, மணி, எவ்வளவு நேரம், எப்படி ஆரம்பித்தது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் எத்தனை மணி தூங்கினான், மருந்து எப்போது போனது, காய்ச்சல் உண்டா, தலைக்குக் குளித்தானா, தைலம் தேய்த்தீர்களா, புது மருந்து ஏதாவது. வயதுக்கு வந்த பெண் பிள்ளையானால் மாதவிலக்குத் தேதியும். வலிப்பு வராத நாட்களில் மருந்து நேரத்தையும் தூக்கத்தையும் மட்டும் குறித்தால் போதும். இதைக் குறிக்காவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. மூன்று மாசம் எழுதிப் பாருங்கள். நீங்கள் சத்தியம் செய்து சொன்ன குற்றவாளி நிரபராதி ஆகலாம்!

அந்தத் தபசுக் குடும்பத்துக்கு வருவோம். அவர்கள் நோட்டில் முதல் வரி இப்படித்தான் இருந்திருக்கும்: தூக்கம் நாலு மணி நேரம், ராத்திரி மருந்து இல்லை, மூக்கொழுகல், வெந்நீர்த் தலைக்குளியல், தைலம். ஐந்து பேர் சேர்ந்து ஊதியிருக்கிறார்கள். சுவாமி பார்த்தது அதில் இல்லை.

அடுத்த வருஷமும் அவர்கள் தாராளமாகப் போகட்டும். மத்தியானம் இரண்டு மணி நேரம் பையனைத் தூங்க வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, சாயங்காலக் காட்சியை மட்டும் பார்க்கலாம். ராத்திரிக் காட்சிக்கு அப்பாவும் ஆச்சியும் போய்க்கொள்ளட்டும். அம்மாவின் கைப்பையில் எட்டு மணி மாத்திரை, ஒரு பாட்டில் தண்ணீர், டாக்டர் சீட்டின் நகல். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே. செல்போனில் ஏழே முக்காலுக்கு அலாரம்.

கூட்டத்திலேயே வந்துவிட்டால்? ஓரமாகத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துண்டு. சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். நாலு பேர் இரும்புச் சாவியோடு ஓடி வருவார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் கூடாது. கை காலை அமுக்கக்கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். முக்கால்வாசி இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், ஸ்பிரேயை அடித்துவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். ரதவீதிக்குள் ஆம்புலன்ஸ் நுழைய நேரமாகும் என்பதால், எந்தச் சந்து வழியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வரலாம் என்பதைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.